முடி, நெட், பிச்சிப்பூ: செலக்‌ஷன் ஓரத்தைச் செம்மை செய்ய எந்த மென்பொருள் கைகொடுக்கும்?

மார்த்தாண்டத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ போட்டிருக்கும் என் அக்கா மகன் போன மாதம் பென்டிரைவில் மூன்று படங்கள் கொண்டுவந்தான். முதல் படத்தில் முட்டம் பாறைமேல் ஒரு பெண், கடற்காற்றில் தலைமுடி நாலாபக்கமும் பறக்கிறது. இரண்டாவது, கோயிலில் (சர்ச்சில்) நெட் போட்டு, அதாவது தலையிலிருந்து தொங்கும் வலைத்துணி போட்டு நிற்கும் கிறிஸ்தவ மணப்பெண். மூன்றாவது, தலை நிறையப் பிச்சிப்பூவும் கழுத்தில் தோவாளை மாலையுமாக ஒரு மணமகள்.

“மாமா, பேக்ரவுண்ட் மாத்தினா ஓரமெல்லாம் வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு. இதுக்குப் பணம் கொடுத்து சாஃப்ட்வேர் வேங்கணுமா, இல்ல ஃப்ரீயா கெடக்கதே போதுமா?”

“மக்கா, மொதல்ல ஒனக்க படத்தப் பெருசாக்கிக் காட்டு” என்றேன்.

முட்டம் படத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கினோம். காதோரம் பறந்த ஒற்றை முடி அங்கே கறுப்பாக இல்லை. வானத்தின் நீலமாகவும் இல்லை. இரண்டும் குழைந்த ஒரு சாம்பல் நீலம். அந்த முடியின் பருமன் ஒரு பிக்சலைவிட (படத்தின் ஒரு புள்ளியைவிட) குறைவு என்பதால் ஒரே பிக்சலில் பாதி முடி, பாதி வானம். அதை உள்ளே சேர்த்தால் வானமும் ஒட்டிக்கொண்டு வரும். வெளியே தள்ளினால் முடி போய்விடும், தலை மொட்டையாய்ச் செதுக்கிய மாதிரி நிற்கும்.

ஆகவே ஓரத்தைச் செம்மை செய்யும் கருவிக்கு வேலை இரண்டு. அந்தப் பிக்சலில் முடி எத்தனை சதவீதம் என்று கணித்து, மீதியை ஒளிபுகவிடுவது ஒன்று. மிஞ்சியிருக்கும் முடியின் நிறத்தில் கலந்துள்ள பழைய வானத்தைக் கழுவி எடுப்பது இன்னொன்று. முதல் வேலையை இன்று எல்லா மென்பொருளும் ஓரளவு செய்துவிடுகின்றன. இரண்டாவதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரிகிறது. ஃபோட்டோஷாப், கிம்ப், ஃபோட்டோபியா, அஃபினிட்டி என்று நான்கிலும் இதே மூன்று படங்களை இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஆளைச் செலக்ட் செய்வது, அதாவது பின்னணியிலிருந்து பிரித்துத் தேர்ந்தெடுப்பது, இப்போது பெரிய காரியம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஜனவரியில் ஃபோட்டோஷாப்பில் ‘செலக்ட் சப்ஜெக்ட்’ வந்தது. அதற்கப்புறம் ஒரே சொடுக்கில் ஆள் தனியாக வந்துவிடுகிறார். அந்த ஒரு சொடுக்கை வைத்து மென்பொருளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கருவி எங்கே இருக்கிறது?

என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். ஃபோட்டோஷாப்பில் 2007-இல் வந்த சிஎஸ்3 பதிப்பிலேயே ‘ரிஃபைன் எட்ஜ்’ இருந்தது. பழைய பாடங்களிலும் வீடியோக்களிலும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். 2016 ஜூன் பதிப்பில் அதை எடுத்துவிட்டு ‘செலக்ட் அண்ட் மாஸ்க்’ என்று தனி அறை மாதிரி ஒன்றை வைத்தார்கள். பழைய பெயரைத் தேடுகிறவர்களுக்கு மெனுவில் அது கிடைக்காது. புதியதும் எப்போதும் கண்ணில் படாது. மூவ் டூல் கையில் இருந்தால் அந்தப் பொத்தானே வராது. லாசோ, குவிக் செலக்‌ஷன், மேஜிக் வாண்ட் மாதிரி ஏதாவது ஒரு செலக்‌ஷன் டூலை எடுத்தால்தான் மேல்பட்டையில் தெரியும். செலக்ட் மெனுவிலும் இருக்கிறது. விசைப்பலகையில் கன்ட்ரோல், ஆல்ட், ஆர். ஏற்கெனவே மாஸ்க் (வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைக்கும் திரை) போட்ட லேயர் (படத்தின் ஒரு அடுக்கு) என்றால், மாஸ்க்கைத் தேர்ந்துவிட்டு ப்ராப்பர்ட்டீஸ் பலகத்தில் பாருங்கள், அங்கும் ஒரு பொத்தான் உண்டு.

ஃபோட்டோபியாவில் அதன் பெயர் இன்றும் ‘ரிஃபைன் எட்ஜ்’தான். செலக்ட் மெனுவில் இருக்கிறது. அஃபினிட்டியில் செலக்‌ஷன் டூல் கையில் இருக்கும்போது மேலே ‘ரிஃபைன்’ என்று வரும்.

கிம்ப்பில்தான் தேடுகிறவர் திணறுகிறார், ஏனென்றால் அங்கே இந்த வேலைக்கென்று ஒரே இடம் கிடையாது. செலக்ட் மெனுவில் ஃபெதர், ஷார்ப்பன், ஷ்ரிங்க், குரோ என்று தனித்தனியாகக் கிடக்கும். அவை செலக்‌ஷன் ஓரத்தை ஒரே சீராக மென்மையாக்கவோ கூர்மையாக்கவோ நகர்த்தவோ செய்யும், முடியை அடையாளம் காணாது. முடிக்கான கருவி டூல்பாக்ஸில் உள்ள ‘ஃபோர்கிரவுண்ட் செலக்ட்’. கையால் திருத்த ஷிஃப்ட், க்யூ அழுத்தினால் குவிக் மாஸ்க் சிவப்பாக விரியும். இந்த இரண்டையும் தெரியாமல் ஃபெதரை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு ‘கிம்ப் சரியில்லை’ என்று விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

முட்டத்துக் காற்று

ஃபோட்டோஷாப்பில் செலக்ட் சப்ஜெக்ட் போட்டு, செலக்ட் அண்ட் மாஸ்க்குக்குள் போய் நான் முதலில் தொடுவது வியூ. எந்தப் பின்னணியில் படம் போகப்போகிறதோ அதை அடியில் ஒரு லேயராக வைத்துவிட்டு, ஒய் அழுத்தி ‘ஆன் லேயர்ஸ்’ காட்சிக்குப் போய்விடுவேன். இந்தப் பழக்கம் எனக்கு ஒரு நஷ்டத்தில் வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாண ஆல்பம். 12-க்கு 36 அங்குலத் தாள், பக்கத்தின் நிறம் அரக்குச் சிவப்பு. நான் வெள்ளைப் பின்னணியில் வைத்துப் பார்த்தேன், சுத்தமாகத் தெரிந்தது, அனுப்பிவிட்டேன். அச்சாகி வந்ததும் பெண்ணின் அம்மா தலையைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். “இது என்ன தம்பி, சுண்ணாம்பு தேச்ச மாதிரி?” வெட்டும்போது தங்கிப்போன பழைய வெளிச்சம்தான் வெளிறிய கோடாக நின்றது. வெள்ளையில் அது தெரியவே இல்லை. அந்தத் தாளை என் காசில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

மருமகனின் படத்தில் ஒருபக்கத்து முடி வானத்தின்மேல் பறக்கிறது, மறுபக்கத்து முடி பாறையின்மேல். இந்த இரண்டுக்கும் ஃபோட்டோஷாப்பில் இரண்டு முறைகள் உண்டு. தெளிவான, மாறுபட்ட நிறப் பின்னணிக்குக் ‘கலர் அவேர்’. குழப்பமான பின்னணிக்கு ‘ஆப்ஜெக்ட் அவேர்’. வானத்துப் பக்கம் முதல் முறையிலேயே இழை இழையாக வந்தது. பாறைப் பக்கம் இரண்டாவது முறைக்கு மாற்றி ரிஃபைன் எட்ஜ் பிரஷ்ஷை முடியின் நுனிகளில் மட்டும் ஓட்டினேன். அதே பிரஷ் கன்னத்திலோ தோளிலோ பட்டால் அங்கே ஓட்டை விழும். பட்டுவிட்டால் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு தேய்த்தால் பழையபடி வரும்.

ஸ்மூத், ஃபெதர் இரண்டையும் முடி இருக்கிற படத்தில் நான் தொடுவதில்லை. அவை படம் முழுவதற்கும் பாய்கிறவை. பிரஷ்ஷால் மீட்ட இழைகளை ஸ்மூத் தின்றுவிடும். ஓரத்தை உள்ளே தள்ளும் ஷிஃப்ட் எட்ஜ் மட்டும் கொஞ்சம் மைனஸில், பத்துப் பதினைந்து. கடைசியாக ‘டிகன்டாமினேட் கலர்ஸ்’. நான் சொன்ன இரண்டாவது வேலையைச் செய்வது இதுதான்: ஓரத்துப் பிக்சலில் இருக்கும் வான நீலத்தை எடுத்துவிட்டு அருகிலுள்ள முடியின் நிறத்தை நிரப்பும். பிக்சலின் நிறத்தையே மாற்றுகிறது என்பதால் விளைவைப் புது லேயராகத்தான் தரும். ‘நியூ லேயர் வித் லேயர் மாஸ்க்’ என்று வைத்தால் அசல் கீழே பத்திரமாக இருக்கும்.

கிம்ப்பில் ஃபோர்கிரவுண்ட் செலக்ட்டை எடுத்து ஆளைச் சுற்றித் தோராயமாக ஒரு கோடு, என்டர். பிறகு ஆளின்மேல் கிறுக்கிக் காட்ட வேண்டும். 2.10 பதிப்பிலிருந்து இதில் லெவின் என்று ஒரு கணக்கீட்டு முறையும் உண்டு. ஒளிபுகும் ஓரத்தைக் கணிக்க 2006-இல் மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை அது, அவர்களில் ஒருவரின் பெயர்தான் லெவின். முடிக்கு அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் முழு அளவுப் படத்தில் ஒவ்வொரு முன்னோட்டத்துக்கும் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. தலையை மட்டும் தனியாக நறுக்கி எடுத்துச் செய்தால் வேகம் கூடுகிறது.

நிறத்தைக் கழுவுகிற பொத்தான் அந்தக் கருவியில் இல்லை. ஆனால் கிம்ப்பின் கலர்ஸ் மெனுவில் ‘கலர் டு ஆல்ஃபா’ என்று ஒன்று இருக்கிறது. இதைப் பற்றி நம் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் பேசி நான் கேட்டதில்லை, அது எனக்கு வருத்தம்தான். ஒரு நிறத்தைக் காட்டினால், அந்த நிறம் ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு கலந்திருக்கிறதோ அவ்வளவையும் பிரித்தெடுத்து ஒளிபுகச் செய்துவிடும். கழுவுவதும் ஒளிபுகவிடுவதும் ஒரே கணக்கில் முடிந்துவிடுகிறது. முட்டம் படத்தின் நகல் லேயர் ஒன்றில் தலைக்குப் பக்கத்து வானத்தின் நிறத்தைக் காட்டினேன். பறக்கும் முடி அப்படியே கறுப்பாக, நீலம் துளியும் இல்லாமல் நின்றது. முகத்திலும் ஓட்டை விழும் என்பதால் முகத்தை வேறொரு லேயரிலிருந்து எடுத்து அடியில் வைக்க வேண்டும். வானம் மாதிரி ஒரே நிறம் பின்னால் இருந்தால் மட்டுமே இது பலிக்கும். பாறைப் பக்கத்துக்கு உதவவில்லை.

ஃபோட்டோபியாவின் முறை வேறு. ரிஃபைன் எட்ஜைத் திறந்தால் ஒருபக்கம் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று படம் வரும், மறுபக்கம் விளைவு. வெள்ளை என்றால் நிச்சயம் ஆள், கறுப்பு என்றால் நிச்சயம் பின்னணி, சாம்பல் என்றால் ‘நீயே கணித்துக்கொள்’. முடி பறக்கிற இடத்தில் மட்டும் சாம்பல் பூச வேண்டும். மற்ற மென்பொருள்களும் உள்ளுக்குள் ஏறக்குறைய இதைத்தான் செய்கின்றன. இங்கே அதைக் கண்ணெதிரே பார்க்கலாம். முதலில் மருமகன் சாம்பலைத் தாராளமாகத் தோள்வரை பூசினான், தோள் கரைந்துபோயிற்று. இரண்டாம் முறை முடிக்கு மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பூசினான், சரியாக வந்தது. ‘ரேடியஸ் எவ்வளவு வைக்கணும்?’ என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவன் அதற்கப்புறம் கேட்கவில்லை. ரேடியஸ் என்பது அந்தச் சாம்பல் பட்டையின் அகலம்தான்.

வானத்துப் பக்கம் ஃபோட்டோஷாப்புக்குக் கிட்டத்தட்டச் சமம். பாறைப் பக்கம் ஒரு படி கீழே. மிஞ்சிய நீலச்சாயத்துக்கு மேலே ஒரு லேயர் வைத்து, கிளிப்பிங் மாஸ்க் ஆக்கி (கீழ் லேயரின் எல்லைக்குள் மட்டும் தெரியும்படி வைத்து), முடியின் நிறத்தை எடுத்து மெல்லிய பிரஷ்ஷால் ஓரத்தில் பூசினோம். பத்து நிமிடக் கைவேலை. ஒரு படத்துக்குப் பரவாயில்லை, ஒரு ஆல்பம் முழுக்க என்றால் முதுகு வலிக்கும்.

அஃபினிட்டியில் மேட் பிரஷ் ஒன்றே போதுமாயிருந்தது. முடியின்மேல் ஓட்டினால் அதுவாகக் கணிக்கிறது. ஃபோட்டோபியாவைவிடச் சுத்தம், பாறைப் பக்கத்தில் ஃபோட்டோஷாப்பைவிடக் குறைவு.

படம் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பெண்ணை முட்டத்தில் இரண்டு அடி தள்ளி நிறுத்தியிருந்தால் முடி முழுவதும் வானத்தின்மேல் விழுந்திருக்கும், நான்கு மென்பொருளும் ஒரே மாதிரி வெட்டியிருக்கும்.

நெட்

நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். நம் மாவட்டத்தில் கோயில் கல்யாணம் இல்லாத மாதம் உண்டா? நெட் போட்ட பெண்ணின் படத்தை வேறு பின்னணிக்கு மாற்றச் சொல்லித்தான் பாதி வேலை வருகிறது. இதில் நான்கு மென்பொருளின் ரிஃபைன் கருவியும் தோற்றது. நான்கும்.

காரணம் எளிது. முடியில் கலப்பு இருப்பது ஓரத்தில் மட்டும். நெட்டில் கலப்பு இருப்பது முழுப் பரப்பிலும். பிரஷ்ஷை ஓட்ட ஓட்ட, ஒரு இடம் வெள்ளைத் துணி மாதிரித் திண்ணென்று நிற்கும், பக்கத்து இடம் கிழிந்த மாதிரிப் போய்விடும். கருவியை மாற்றினாலும் திட்டுகள் இடம் மாறினவே தவிரக் குறையவில்லை.

இதற்குச் சேனல்தான் வழி, அதாவது படத்தின் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படங்கள். மருமகன் கொண்டுவந்த படத்தில் பெண்ணுக்குப் பின்னால் கரும்பழுப்பு மரக்கதவு. இருட்டின்மேல் வெள்ளை நெட் என்றால், ஒரு பிக்சல் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறதோ அவ்வளவு நெட் அங்கே இருக்கிறது என்று பொருள். அந்த வெளிச்சத்தையே மாஸ்க் ஆக்கிவிடலாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலையும் பார்த்து, கதவு எதில் நன்றாகக் கறுத்திருக்கிறதோ அதை நகலெடுத்தோம். அந்தக் கதவின் பழுப்புக்கு நீலச் சேனல். லெவல்ஸ் போட்டுக் கதவை முழுக் கறுப்பாக்கி, அந்த நகலைச் செலக்‌ஷனாக ஏற்றி, நெட்டுக்கென்று ஒரு தனி லேயருக்கு மாஸ்க் போட்டோம். பெண்ணின் உடல் கீழே இன்னொரு லேயரில், சாதாரண அழுத்தமான மாஸ்க்குடன். தோளுக்கு வெளியே விரிந்து நிற்கும் நெட்டுக்கு மட்டும்தான் ஒளிபுகும் மாஸ்க் தேவை. உடலின்மேல் விழும் நெட்டின் பின்னால் அவளுடைய உடுப்பேதான் இருக்கிறது, அதை எதற்கு வெட்ட வேண்டும்?

நான்கு மென்பொருளிலும் சேனல் இருக்கிறது, ஆகவே இந்த வேலையில் நான்கும் சமம். கிம்ப் கொஞ்சம் முன்னே என்றுகூடச் சொல்வேன், கதவின் நிறத்தைக் காட்டிக் கலர் டு ஆல்ஃபா போட்டதில் நெட்டின் ஓரத்துப் பூவேலை நூல்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. நெட் படங்களுக்காகவே காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம்.

பிச்சிப்பூவும் மாலையும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அரளியும் நொச்சி இலையும் மடித்துக் கட்டும் தோவாளை மாணிக்க மாலை (2025-இல் புவிசார் குறியீடு பெற்றது) பாய் முடைந்த மாதிரித் தட்டையாக, கெட்டியான ஓரத்துடன் இருக்கும். பிச்சிப்பூவின் இதழும் கெட்டி ஓரம்தான். இங்கே ரிஃபைன் கருவியை எடுத்தாலே ஓரம் பஞ்சாகிவிடும். பென் டூலால் சுற்றி, அரை பிக்சல் ஃபெதர், அவ்வளவுதான். நான்கிலும் ஒன்றுதான். பூச்சரத்துக்கு இடையே எட்டிப் பார்க்கும் முடிக்கு மட்டும் அந்த இடத்தில் தனியாக ஒருமுறை பிரஷ் ஓட்டலாம்.

காசும் கணினியும் வீட்டார் நம்பிக்கையும்

ஃபோட்டோஷாப்புக்கு மாதச் சந்தா உண்டு. வேலை வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டும். ஆடி மாதத்திலும் கட்ட வேண்டும் என்பதைப் புதிதாகக் கடை போடுகிறவர் மனதில் வைக்கட்டும். கிம்ப் முழுக்க இலவசம், 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்திருக்கிறது, பழைய கணினியிலும் ஓடும். அஃபினிட்டி முன்பு ஒரே தடவை விலைக்கு வாங்குவதாக இருந்தது. 2025 அக்டோபர் கடைசியிலிருந்து கேன்வா கணக்கு இருந்தால் இலவசம், செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் தனிச் சந்தா. ஃபோட்டோபியா பிரவுசரில் திறக்கிறது, பக்கத்தில் விளம்பரம் ஓடும், ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பை அப்படியே திறந்து அப்படியே சேமிக்கும். ஆல்பம் டிசைன் செய்கிறவர் அனுப்பும் கோப்பு பெரும்பாலும் பிஎஸ்டியாகத்தான் வரும் என்பதால் இது பெரிய உதவி.

பின்னணியை ஒரே சொடுக்கில் எடுத்துத் தரும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் படம் அவர்களுடைய சர்வருக்குப் போய்விட்டுத் திரும்புகிறது. ஃபோட்டோபியாவும் பிரவுசரில்தான் ஓடுகிறது என்றாலும், நாம் திறக்கும் படம் நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை, வேலை நம் கணினியிலேயே நடக்கிறது. ஒரு வீட்டார் தங்கள் மகளின் படத்தை நம்பி நம் கையில் தருகிறார்கள். அவர்களைக் கேட்காமல் அதை எங்கோ ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. சொடுக்கில் கிடைக்கும் அந்த வெட்டும் பெரும்பாலும் மாஸ்க் இல்லாத பிஎன்ஜிதான். தின்றுபோன முடியை மறுபடி மீட்க வழியில்லை. வாடிக்கையாளர் ‘இந்தப் பக்கம் முடி கொஞ்சம் வேணும்’ என்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாஸ்க் இருந்தால் ஒரு வெள்ளை பிரஷ் போதும்.

மருமகனுக்கு நான் சொன்னது இது. மாதம் ஒன்றிரண்டு ஆல்பம், நடுநடுவே சந்திப்பில் கட்டும் ஃப்ளெக்ஸ், பாஸ்போர்ட் படம் என்று ஓடுகிறவரைக்கும் ஃபோட்டோபியா. அந்தச் சாம்பல் பூச்சு கை பழகட்டும். அதோடு கிம்ப்பையும் ஏற்றி வைத்துக்கொள், நெட் படத்துக்கும் வானத்துப் படத்துக்கும் கலர் டு ஆல்ஃபாவுக்காக மட்டும். ஒரு வாரத்தில் முப்பது, நாற்பது படம் வெட்டுகிற அளவுக்குக் கல்யாண சீசன் சூடுபிடித்தால் அன்றைக்கு ஃபோட்டோஷாப் சந்தா கட்டு. பாறை, தென்னந்தோப்பு, கூட்டம் என்று குழம்பிய பின்னணியில் அது மிச்சப்படுத்தும் நேரமே சந்தாவைக் கொடுத்துவிடும். அஃபினிட்டி நல்ல மென்பொருள்தான். ஆனால் அவனுக்கு வேலை தருகிறவர்கள் எல்லாரும் பிஎஸ்டியில் லேயரோடு கொடுத்து வாங்குகிறவர்கள், அங்கே இரண்டு வீடு மாறி நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். தனியாக, தன் படங்களை மட்டும் செய்கிறவர் என்றால் அஃபினிட்டியைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

போகும்முன் நெட் படத்தை ஆல்பம் பக்கத்தின் கரும்பச்சைமேல் வைத்துப் பார்த்தோம். நெட்டின் வழியே பச்சை தெரிந்தது. இடது தோள் பக்கம் கதவின் கீல் ஒன்று மட்டும் மங்கலாகத் தங்கியிருந்தது. மாஸ்க்கில் கறுப்பு பிரஷ்ஷை வைத்து அவனே அதை எடுத்தான்.